காட்மாண்டு விமானத்தில் எந்த ஜன்னல்?

108 திவ்ய தேசங்களுள் ஒன்றான சாளக்கிராமமாக வைணவர்கள் போற்றும் முக்திநாத்துக்குச் செல்லும் தமிழ்நாட்டு யாத்திரிகர்களில் பலர் டெல்லி வழியாகக் காட்மாண்டுக்குப் பறக்கிறார்கள். வானம் தெளிவாக இருந்தால், இமயமலையின் நீண்ட பனிவரிசையை அந்த விமானத்திலிருந்தே பார்த்துவிடலாம். ஆனால் ஜன்னலோரம் கிடைத்தால் போதும் என்று வலப்பக்கத்தில் அமர்ந்தவர்களோ, வழி முழுவதும் கங்கைச் சமவெளியின் புழுதிமூட்டத்தைப் பார்த்தபடி போய்ச் சேர்கிறார்கள்.

டெல்லியிலிருந்து காட்மாண்டு ஏறக்குறைய கிழக்கே, சற்றுத் தெற்கு சாய்ந்து இருக்கிறது. மலைத்தொடர் வடக்கே நிற்கிறது. ஆகவே போகும்போது இடப்பக்கம், அதாவது ‘ஏ’ இருக்கை. திரும்பும்போது வலப்பக்கம், மூன்று மூன்றாக இருக்கைகள் உள்ள விமானங்களில் ‘எஃப்’. திசையை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு இரு வழிக்கும் ‘ஏ’ என்று பதிவு செய்வதுதான் மிகப் பரவலான தவறு. நானும் ஒருமுறை அதைச் செய்துவிட்டு, எதிர்ப்பக்கத்துப் பயணிகளின் தோள்களுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே டெல்லி திரும்பியிருக்கிறேன். கொல்கத்தாவிலிருந்து காட்மாண்டு செல்பவர்களுக்கு, வடமேற்கே பறப்பதால், வலப்பக்கமே சரி. கொல்கத்தாவிலிருந்து டார்ஜிலிங் மலையடிவாரத்திலுள்ள பாக்டோக்ராவுக்கோ விமானம் மலையை நோக்கியே நேராகச் செல்வதால், பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய பயன் இல்லை.

இருக்கை வரைபடத்தைத் தவறாகப் படிப்பதும் உண்டு. விமானத்தின் மூக்கு திரையின் இடது ஓரத்தை நோக்கி இருக்குமாறு படுக்கைவாக்கில் வரைந்திருந்தால், விமானத்தின் இடப்பக்கம் படத்தின் கீழ்ப்பகுதியில் வரும். ஆகவே இருக்கையின் எழுத்தைப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

பக்கம் சரியாக அமைந்தாலும் வரிசை கெடுத்துவிடலாம். ஏர்பஸ் 320, போயிங் 737 போன்றவற்றில் இறக்கை உடலின் அடிப்பகுதியில் இணைந்திருப்பதால், நடு வரிசைகளில் அமர்ந்தால் கீழே உள்ள பள்ளத்தாக்குகளை இறக்கை மறைத்துவிடும். அதற்குப் பின்னால் போனால் எஞ்சினின் வெப்பக்காற்றில் காட்சி கலங்கும். எனவே முன்வரிசைகளே மேல். ஆனால் 737 வகையில், இறக்கைக்குச் சற்று முன்னால் இடப்பக்கத்தில், குளிர்காற்றுக் குழாய் செல்வதற்காக ஓர் இடத்தில் ஜன்னலே வைப்பதில்லை. அந்த இருக்கையையும் ‘ஜன்னலோரம்’ என்றே விற்பார்கள் என்பது தனி வேடிக்கை.

காட்மாண்டிலிருந்து, முக்திநாத் செல்லும் வழியிலுள்ள பொக்காராவுக்குப் பறக்கும் ஏடிஆர் என்னும் விசிறி விமானங்களில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் இந்தக் கணக்கு மாறும். அங்கே விசிறியும் எஞ்சினும் மறைக்காத பின்வரிசைகள் வசதியானவை. அந்தப் பயணம் மேற்கு நோக்கியது என்பதால் போகும்போது வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். பொக்காராவிலிருந்து முக்திநாத்துக்கு அருகிலுள்ள ஜோம்சோம் செல்லும் சிறிய விமானம் அன்னபூர்ணா, தௌலகிரி சிகரங்களுக்கு இடையிலுள்ள காளி கண்டகி ஆற்றின் பள்ளத்தாக்கில் நுழைவதால், பக்கத்துக்காக அங்கே யாரும் சண்டையிட வேண்டியதில்லை.

டெல்லி விமானத்தில் எவரெஸ்ட்டை எதிர்பார்ப்பதும் ஏமாற்றத்தில்தான் முடியும். அது காட்மாண்டுக்குக் கிழக்கே சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விமானமோ அதை நெருங்கும் முன்பே இறங்கிவிடுகிறது. வழியில் உண்மையில் பார்க்கக் கிடைப்பவை தௌலகிரி (8,167 மீட்டர்), அன்னபூர்ணா (8,091 மீட்டர்), மனாஸ்லு (8,163 மீட்டர்) ஆகியவை. எவரெஸ்ட்தான் வேண்டும் என்பவர்களுக்காகக் காட்மாண்டிலிருந்தே காலையில் மலைக்காட்சி விமானங்கள் கிளம்புகின்றன. போகும்போது இடப்பக்கத்தாருக்கும் வரும்போது வலப்பக்கத்தாருக்கும் சிகரங்கள் தெரியும்.

நேரத்தையும் பருவத்தையும் கவனிக்காமல் பக்கத்தை மட்டும் ஆராய்வது வீண். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைமேகங்கள் மலையை மூடிவிடுகின்றன. மற்ற மாதங்களிலும் நண்பகலுக்குப் பிறகு மேகம் திரள்வதால், அக்டோபர், நவம்பர் மாதங்களின் காலை விமானமே நம்பத்தக்கது. அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், வடக்கு நோக்கிய ஜன்னலில் கண்கூச்சமும் இருக்காது. பனிமுகடுகளின் மீது வெளிச்சம் நேராக விழும்.

படம் எடுப்பவர்கள் ஃபிளாஷைப் பயன்படுத்தினால் ஜன்னலின் பிரதிபலிப்பு மட்டுமே பதிவாகும். கேமராவைக் கண்ணாடியின் மீது அழுத்தினால் விமானத்தின் அதிர்வு படத்தைக் கலக்கிவிடும் என்பதால், தொடாமல், மிக அருகில் பிடிப்பது நல்லது. லென்ஸில் பிரதிபலிப்பைக் குறைக்க மாட்டும் போலரைசர் வடிகட்டியைக் கழற்றிவிட வேண்டும். ஜன்னலில் இருப்பது அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக் என்பதால், அந்த வடிகட்டி பனிமலையின் மீது வானவில் பட்டைகளைப் பூசிவிடும்.