பிள்ளைகள் மனநலம்: ஊராட்சித் திட்டம் எழுதப் போகிறீர்களா?

ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் பிள்ளைகளின் மனநலத்தையும் சேர்க்க வேண்டும் என்று ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் பக்கம் புதிதாகச் சில இளைஞர்கள் கிளம்பியிருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் நான் விழுந்த குழியிலேயே ஒவ்வொருவராக வந்து விழும்போது பேசாமல் இருக்க முடியவில்லை. பேனர், பொன்னாடைச் செலவையெல்லாம் விட்டுவிடுகிறேன், அது ஊரறிந்த கூத்து.

பெயர்ப் பட்டியல்

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். கணக்கெடுக்கப் போனதும் நோட்டில் கட்டம் போட்டு 'பாதிக்கப்பட்ட பிள்ளை, தகப்பன் பெயர், தெரு' என்று எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். நானும் எழுதினேன். மீன்பிடிக்கப் போன அப்பா இலங்கைச் சிறையில், பையன் எட்டாம் வகுப்பு, ராத்திரி தூங்காமல் கரையில் போய் உட்கார்ந்திருப்பான். பெயரோடு எழுதிக் கொடுத்த அந்தத் தாளை கிராம சபையில் ஒருவர் அப்படியே மைக்கில் வாசித்துவிட்டார். மறுநாளே பள்ளியில் அவனுக்குப் பட்டப்பெயர் 'ஏர்வாடி'. 2001 ஆகஸ்ட் 6-ல் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். அந்த ஊர்ப் பெயரைத்தான் பிள்ளைகள் கிண்டலுக்கு எடுத்தார்கள். பையன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவன் அம்மா என்னைத் திட்டவில்லை, கதவைத் திறக்கவே இல்லை.

சரி, பெயரை எடுத்துவிட்டு எண்ணிக்கை மட்டும் போட்டால்? நாற்பது வீடு இருக்கிற குடியிருப்பில் 'தகப்பன் சிறையில்: 1' என்று எழுதினால் அதுவும் பெயர்தான். ஊராட்சி முழுக்கச் சேர்த்து எழுதுங்கள், அப்போதும் ஒன்றிரண்டுதான் வருகிறது என்றால் அந்த வரியையே அடித்துவிடுங்கள். திட்டத்தில் எழுத வேண்டியது ஆளை இல்லை, வேலையை: விளையாட்டுத் திடலுக்கு விளக்கு, பள்ளிக்கு ஆலோசகர் வரும் நாள், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரைப் பார்க்கப் போய்வர வழி. சிகிச்சை விவரம் ரகசியம் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவே சொல்கிறது. ஒரு பிள்ளைக்கு உதவி வேண்டுமென்றால் வீட்டில் தனியாகப் பேசி மனநல உதவிக்கான 14416 எண்ணைக் கொடுங்கள். அடி, கொடுமை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

பள்ளியில் மட்டும் தேடுவது

படிப்பை விட்டவர்கள் பள்ளியில் இருக்க மாட்டார்கள்.

அறிவுரைக் கூட்டம்

வேண்டாம்.

மீன்பிடித் தடைக்காலத்தை மறப்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. கையில் காசில்லை, வீட்டில் சண்டை, போதாக்குறைக்கு பிளஸ் டூ ரிசல்ட்டும் மே மாதத்தில்தான் வருகிறது, பள்ளியும் பூட்டிக் கிடக்கிறது. நம் ஆட்கள் முகாம் போடுவதோ உலக மனநல நாள் என்று அக்டோபர் 10-ல்.