இலவசப் பாடநூலுக்கு ஒதுக்க வேண்டிய பணம்

யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்த அனுமதி தரப்பட்ட திறந்த உரிமப் பாடநூலுக்கு விலை இல்லை. ஒரு கல்லூரி அதற்கு மாறுவதற்கு விலை உண்டு. அது ஆசிரியரின் நேரம். அதற்குப் பணம் ஒதுக்காத திட்டம் பாதியில் நின்றுவிடும்.

எல்லாத் துறையிலும் ஒரே நேரத்தில் கைவைக்க வேண்டாம். மாணவர் அதிகம், நூல் விலை அதிகம், பாடத்திட்டம் அடிக்கடி மாறாது, அப்படி ஒரு முதலாண்டுப் பாடத்தை எடுங்கள். 60 பேர் வீதம் 4 பிரிவு என்றால் 240 பேர். ஆனால் சேமிப்பை 240 பெருக்கல் நூல் விலை என்று எழுதிவிடாதீர்கள். பழைய பிரதி வாங்குபவர், நூலகப் பிரதியில் படிப்பவர், வாங்காமலே ஒப்பேற்றுபவர் எல்லாம் அதில் இருக்கிறார்கள். மாணவர்களிடமே கேட்டு, புதிய நூல் வாங்கியவர்களை மட்டும் எண்ணுங்கள். நிதி தருபவர் முதலில் துருவுவது இந்த எண்ணைத்தான்.

நூல் தேட ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ், அடுத்து லிப்ரெடெக்ஸ்ட்ஸ். இரண்டும் இத்தகைய நூல்களைத் தரும் இணையதளங்கள். எடுத்ததும், நூலை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமத்தைப் பாருங்கள். 'சிசி பை' என்றால் மூல ஆசிரியர் பெயரையும் செய்த மாற்றத்தையும் குறிப்பிட்டு, தாராளமாகத் திருத்தலாம். 'என்டி' என்றிருந்தால் திருத்தியதை வெளியிட முடியாது. 'எஸ்ஏ' என்றால் திருத்தியதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும், 'என்சி' என்றால் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அதனால் 'பை-எஸ்ஏ' பகுதியையும் 'பை-என்சி-எஸ்ஏ' பகுதியையும் பின்னி ஒரே அத்தியாயமாக எழுத முடியாது. இரண்டும் தன் உரிமத்தையே கேட்கும். படத்துக்குக் கீழே உள்ள பொடி எழுத்தையும் படியுங்கள். நூல் திறந்ததாக இருந்தாலும் படம் வேறொருவருடையதாக இருக்கலாம்.

பெரும்பாலும் சிக்குவது நூலில் அல்ல, வீட்டுப்பாடத்தில். தானே மதிப்பெண் போடும் கணக்குகள், வினா வங்கி, ஸ்லைடுகள் எல்லாம் பழைய பதிப்பாளரின் தளத்தோடு போய்விடும். பயிற்சிக் கணக்குகளை மாற்றி எழுதத்தான் அதிக நேரம் பிடிக்கும். பட்ஜெட்டில் அதைத் தனி வரியாகவே போடுங்கள்.

வேலையை வகுப்புக்கு இரண்டு செமஸ்டர் முன்பே தொடங்குங்கள். ஆசிரியருக்கான ஊக்கத்தொகையை ஒப்பந்தத்தின்போது ஒரு பங்கு, வரைவு வந்ததும் ஒரு பங்கு, ஒரு செமஸ்டர் நடத்தி முடித்த பின் ஒரு பங்கு என மூன்றாகப் பிரியுங்கள். முழுத்தொகையும் முன்பே போனால் வரைவு வரைவாகவே கிடக்கும். எந்த உரிமத்தில் வெளியிடுவது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். பிடிஎஃப் மட்டும் வாங்காதீர்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பும் வேண்டும்.

அச்சுப் பிரதி கேட்பவர்களுக்கும், பார்வையற்ற மாணவருக்காகப் படங்களுக்கு விளக்கம் எழுதவும் சிறு தொகை வையுங்கள். இரண்டாம் ஆண்டுக்கும் ஒரு பங்கு மிச்சமிருக்கட்டும். செத்த இணைப்புகளும் தவறான விடைகளும் அப்போதுதான் கண்ணில் படும்.