பால் டின்னிலும் முட்டை அட்டையிலும் நாற்று: முதன்முறை விதைப்பவர்களுக்கு

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள எங்கள் ஊருக்கு 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று புதுப் பெயர் வந்துவிட்டாலும், பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். இந்நாட்டில் வணிக நோக்கில் செம்பனை (எண்ணெய்ப் பனை) முதன்முதலாக 1917இல் பயிரிடப்பட்ட தென்னமரம் தோட்டம் இங்கேதான் இருக்கிறது. பெயரில் தென்னை இருந்தாலும் பேர் வாங்கித் தந்தது செம்பனைதான். என் அம்மா செம்பனை நாற்றுப் பண்ணையில் மண்பை நிரப்பும் வேலை பார்த்தவர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தைவிட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்குக் குடிவந்தபோது, முன்வாசல் முழுவதும் சிமெண்டு பூசப்பட்டு, கைப்பிடி மண்கூட இல்லாமல் இருந்ததால், சமையலறையில் மிஞ்சும் டின்களிலும் புட்டிகளிலும் நாற்று விடும் பழக்கம் எங்களுக்கு வந்தது.

இங்கே குளிரால் விதை முளைக்காமல் போவதில்லை. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் இருக்கும் ஊரில் இளநாற்று பெரும்பாலும் தேங்கிய நீரால்தான் சாகிறது. ஆகவே பாத்திரம் எதுவாக இருந்தாலும், முதலில் பார்க்க வேண்டியது அதன் துளையை.

முதல் படி: பாத்திரமும் துளையும்

தேநீருக்கு வாங்கும் கெட்டிப்பால் டின் எல்லார் வீட்டிலும் கிடைக்கும். மேல்மூடியை முழுவதும் வெட்டி நீக்கிக் கழுவிய பின், பெரும்பாலோர் டின்னைக் கவிழ்த்து வைத்து வெளியிலிருந்து ஆணி அடிக்கிறார்கள். அப்படி அடித்தால் தகரம் உட்புறமாகச் சுருண்டு, ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு சிறு வரப்பு எழும்பி நிற்கும். அந்த வரப்பின் உயரத்துக்கு நீர் வெளியேறாமல் அடியிலேயே நிற்கும். டின்னை நிமிர்த்தி ஒரு மரக்கட்டையின்மேல் வைத்து, உள்ளிருந்து வெளியே ஐந்து அல்லது ஆறு துளைகள் அடியுங்கள். வரப்பு வெளிப்பக்கம் போய்விடும். டின்னும் தரையில் ஒட்டாமல் சற்றே தூக்கி நிற்கும். தகர விளிம்பு கையைக் கிழிக்கும் என்பதால், வாய்ப்பகுதியைச் சுத்தியலால் தட்டி மடக்கிவிடுவது நல்லது.

குளிர்பானப் புட்டியின் அடிப்பாகம் ஐந்து கால்களோடு அமைந்திருக்கும். நடுவில் மட்டும் துளையிட்டால் ஐந்து கால்களிலும் நீர் தேங்கும். ஒவ்வொரு காலின் நுனியிலும் சூடாக்கிய ஆணியால் குத்த வேண்டும். பிளாஸ்டிக் புகையை முகர வேண்டாம், வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

தேங்காய்ச் சிரட்டைக்கு ஆணியே வேண்டியதில்லை. மூன்று கண்களில் ஒன்று மெல்லியதாக இருக்கும். அதைக் கத்தி முனையால் நெம்பினால் திறந்துகொள்ளும். கண் இல்லாத மறுபாதியை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் பிடிக்கக் கட்டும் பழைய பீங்கான் மங்கு (கிண்ணம்) பார்க்க அழகாக இருந்தாலும் துளையில்லாதது, துளைக்கப் போனால் உடைந்துவிடும். எங்கள் வீட்டில் அது மண் அள்ளும் கரண்டியாகத்தான் பயன்படுகிறது.

30 முட்டை அடுக்கும் காகித அட்டையைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. குழி ஆழமில்லாததாலும், காகிதமே ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதாலும், காலையில் ஊற்றிய நீர் நண்பகலுக்குள் காய்ந்துவிடும். கீரை, சாலட் இலை போன்றவற்றுக்கு இரண்டு வாரம் தாங்கும். மூன்று நான்கு வாரம் பாத்திரத்திலேயே இருக்க வேண்டிய மிளகாய்க்கும் கத்தரிக்கும் குறைந்தது எட்டு சென்டிமீட்டர் ஆழம் தேவை.

நீர் வடிய அடியில் சரளைக்கல் போட வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. சிறிய பாத்திரத்தில் அது கெடுதலே செய்யும். கல்லுக்கு மேலிருக்கும் மண் முழுவதும் நனைந்து நிறைந்த பிறகுதான் நீர் கல்லுக்குள் இறங்கும் என்பதால், ஈரம் வேருக்கு இன்னும் அருகில் நிற்கும். மண் ஒழுகாமல் இருக்க, துளைமேல் ஒரு சிறு தேங்காய் நார்த்துண்டு போதும்.

இரண்டாம் படி: மண் கலவை

வீட்டுப் பக்கம் கிடைக்கும் செம்மண்ணைத் தனியாக நிரப்பினால், இரண்டு மழைக்குப் பிறகு செங்கல்லாக இறுகிவிடும். வளர்ந்த செடியின் பைக்கு மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு தொழுவுரம், ஒரு பங்கு மணல் என்ற கணக்கு இங்கு வழக்கம். முளைக்கும் விதைக்கு அதைவிட இலகுவான கலவை வேண்டும்: தென்னைநார்த்தூள் ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, சலித்த மக்கு உரம் ஒரு பங்கு. நார்த்தூளில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் இரண்டு முறை நீரில் அலசிப் பிழியுங்கள். தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் பக்கம் நெல்வயல்கள் இருப்பதால் எங்களுக்கு உமிக்கரிக்குப் பஞ்சமில்லை. கிடைக்காதவர்கள் கழுவிய ஆற்றுமணலைப் போடலாம். கலவையின்மேல் முதல்நாளே கொதிநீரை ஊற்றி ஆறவிட்டால், பூசணமும் களை விதையும் ஓரளவு குறையும். இந்த நிலையில் இரசாயன உரம் எதுவும் சேர்க்காதீர்கள்.

ஈரப்பதம் சரியா என்று பார்க்க அம்மா ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிவார். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு மட்டுமே வர வேண்டும். கையை விரித்தால் பிடி உருண்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரலால் தொட்டதும் உதிர வேண்டும். நீர் தாரையாக ஒழுகினால் அன்றைக்கு விதைக்க மாட்டார். கலவையைச் சாக்கில் பரப்பிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்.

மூன்றாம் படி: விதையும் விதைப்பும்

முதன்முறை செய்பவர்கள் மிளகாய், கத்தரி, கீரை ஆகியவற்றில் தொடங்கலாம். சந்தையில் வாங்கும் நன்கு பழுத்த சிவப்பு மிளகாயைப் பிளந்து, விதையை நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தினால் போதும். ஒட்டுரக மிளகாயாக இருந்தால் தாய்ச்செடி போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. தக்காளியும் எளிதாகவே முளைக்கும். ஆனால் நம்மைப் போன்ற தாழ்நிலத்தில் மண்ணிலுள்ள நுண்ணுயிரால் வரும் வாடல் நோய் அதைத் திடீரென்று சாய்த்துவிடுவதால், முதல் பயிராக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். வெண்டை, பயற்றங்காய், முள்ளங்கி மூன்றும் வேர் அசைவதை விரும்பாதவை. அவற்றை வளரப்போகும் பையிலேயே நேரடியாக ஊன்றுங்கள். கொத்துமல்லி விதை ஒன்றுக்குள் இரண்டு விதைகள் ஒட்டியிருக்கும். உள்ளங்கையில் இலேசாக அழுத்தித் தேய்த்தால் பிரியும்.

விதையின் பருமனைப் போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு ஆழம் போதும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர். தூளாக இருக்கும் கீரை விதையை உலர்ந்த மணலோடு கலந்து மேலாகத் தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால் சரி. டின் ஒன்றுக்கு மூன்று விதைகளுக்கு மேல் போடாதீர்கள். கீரை மூன்று முதல் ஐந்து நாளிலும், மிளகாயும் கத்தரியும் ஏழு முதல் பதினான்கு நாளுக்குள்ளும் தலைகாட்டும். எட்டாம் நாள் பொறுமையிழந்து மண்ணைக் கிளறிப் பார்ப்பது எனக்கும் இருந்த கெட்ட பழக்கம்.

நான்காம் படி: நீரும் வெளிச்சமும்

முளைக்கும் வரை மழைச்சாரல் படாத ஐந்தடியிலும் (வீட்டு முகப்பில் கூரையுள்ள நடைபாதை), முளைத்த அன்றே காலை வெயில் விழும் இடத்திலும் வையுங்கள். வெளிச்சம் பற்றாத நாற்று வெளிறி, நூல்போல் நீண்டு சாயும். நண்பகல் வெயிலை ஒரு வாரத்துக்குப் பிறகு சிறிது சிறிதாகப் பழக்கலாம்.

நீரைக் காலையில் ஒருமுறை, மேல்மண் உலர்ந்திருந்தால் மட்டும், மூடியில் துளையிட்ட புட்டியால் தெளியுங்கள். ஒரு நவம்பரில், விடாமல் மழை பெய்துகொண்டிருந்தபோதும், நான் கடமை தவறாமல் மாலையிலும் நீர் ஊற்றினேன். நான்காம் நாள் பார்த்தால் பதினெட்டு மிளகாய் நாற்றுகள் மண்ணோடு மண்ணாகச் சாய்ந்து கிடந்தன. இலைகள் பச்சையாகவே இருக்க, தண்டு மட்டும் மண்மட்டத்தில் கம்பியாக மெலிந்து கறுத்திருந்தது. இது நாற்றழுகல். வந்த நாற்றுக்கு மருந்தில்லை. சாய்ந்ததை மண்ணோடு அகற்றி, மிச்சமிருப்பதற்கு நீரை நிறுத்திக் காற்றோட்டம் கொடுப்பதுதான் வழி.

டின்களுக்கு அடியில் தட்டு வைத்தால், வடிந்த நீரை அன்றே கொட்டிவிட வேண்டும். நம் வெப்பத்தில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். சுகாதார அதிகாரிகள் சோதனைக்கு வந்து புழுக்களைக் கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அபராதம் விதிக்கலாம். தட்டு இல்லாமல் இரண்டு செங்கற்களின்மேல் டின்னை வைப்பதே எங்கள் வழக்கம். நத்தையும் ஓரளவு எட்ட நிற்கும்.

ஐந்தாம் படி: இடமாற்றம்

முதலில் விரியும் இரண்டும் விதையிலைகள். அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அடுத்து வரும் உண்மையான இலைகள் இரண்டானதும், டின்னில் வலுவானதை மட்டும் விட்டு மற்றவற்றைக் கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும். நான்கைந்து இலைகள் வந்த பின், மாலை நேரத்தில், டின்னை நனைத்து விரலிடுக்கில் தண்டை விட்டுக் கவிழ்த்து, அடியைத் தட்டினால் மண்கட்டி முழுதாக இறங்கும். துளையிட்ட கறுப்புப் பையில், டின்னில் இருந்த அதே ஆழத்தில் நட்டு, மூன்று நாள் நிழலில் வைத்திருங்கள்.

காலியான டின்களைக் கழுவிக் கவிழ்த்து அடுக்குங்கள். நிமிர்த்தி வைத்தால் உதிர்ந்த இலை ஒன்று துளையை அடைத்துக்கொள்ளும், அடுத்த மழைக்கு நீர் நின்றுவிடும்.