இயக்கமும் இசையும் ஒரே ஆளிடம்: முதல் குறும்படத்துக்கான வேலைக் குறிப்புகள்

படத்தை எடுப்பவரே இசையும் போட்டால் செலவு குறையும். கூடவே ஓர் ஆளும் குறைந்துபோகிறார்: "இந்த இடத்தில் இசை வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஆள். நடிப்பு சரியாக வராத காட்சியில் வயலினை ஏற்றுவதும், பிடித்த மெட்டு முடியவில்லை என்பதற்காக ஷாட்டை நீட்டுவதும் இதனால்தான் நடக்கின்றன. எனவே இரண்டு வேலைகளையும் நாள்கணக்கில் பிரித்து வையுங்கள். எடிட்டிங் லாக் ஆகும் அன்று, அதாவது இனி ஒரு வெட்டும் மாறாது என்று முடிவாகும் அன்று, இயக்குநரின் வேலை முடிகிறது. மூன்று நாள் படத்தைத் திறக்காதீர்கள். நான்காம் நாள் இசையமைப்பாளராக உட்காருங்கள்.

முதல் படத்திலேயே இரண்டையும் செய்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சத்யஜித் ராய் 1955-இல் ரவி சங்கரோடும், பிறகு விலாயத் கான், அலி அக்பர் கான் ஆகியோரோடும் வேலை செய்துவிட்டு, 1961-இல் 'தீன் கன்யா'விலிருந்துதான் தம் படங்களுக்குத் தாமே இசையமைக்கத் தொடங்கினார். இன்னொரு வழி அமெரிக்க இயக்குநர் ஜான் கார்பென்டருடையது. 1978-இல் 'ஹாலோவீன்' படத்தின் இசையை மூன்றே நாளில் முடித்தார். அதன் அடிப்படை, அவருடைய அப்பா சிறுவயதில் போங்கோவில் சொல்லிக்கொடுத்த 5 எண்ணிக்கைச் சுழற்சி. பெரிய வாத்தியக் குழு இல்லாதவர்களுக்கு அந்த வழிதான் சரி: ஒரு சின்ன இசைத் துணுக்கு, ஒரே ஒரு தாளம், அதைப் படம் முழுக்க விட்டுவிட்டுப் பயன்படுத்துவது.

படப்பிடிப்பில் காதுக்கான வேலை

எட்டுப் பக்கத் திரைக்கதை ஏறக்குறைய எட்டு நிமிடப் படமாகும். ஒரு நாளைக்கு நான்கு பக்கம் என்று வைத்து இரண்டு நாள் ஒதுக்குங்கள். கேமராவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், செட்டிங் மட்டும் சரியாக இருக்கட்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கும்போது ஷட்டர் வேகத்தை 1/48 விநாடியில் விட்டால் டியூப் லைட் வெளிச்சம் திரையில் அலையடிக்கும். 1/50-க்கு மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். செல்போனில் எடுப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. போன் ஃபிரேம் வேகத்தைத் தானாகவே ஏற்றி இறக்கும், அதனால் தனியாகப் பதிவுசெய்த ஒலி போகப்போக உதட்டசைவிலிருந்து விலகும். வேகத்தை நிலையாகப் பூட்டும் கேமரா ஆப்பில் எடுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டால், எடிட்டிங்குக்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பணமும் பொறுமையும் ஒலிக்குத்தான் போக வேண்டும். ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வையுங்கள். சாதாரணப் பேச்சு -18 முதல் -12 டெசிபலுக்குள் ஓடட்டும், கத்தும் இடத்திலும் -6-ஐத் தாண்டக் கூடாது. காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே, நெஞ்சில் குத்துங்கள். நைலான், பாலியஸ்டர் துணி உரசினால் வரும் சரசரப்பை எந்த மென்பொருளாலும் முழுமையாக எடுக்க முடியாது. நடிகருக்குப் பருத்திச் சட்டை கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

மின்விசிறி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் மூன்றையும் டேக்குக்கு முன் நிறுத்த வேண்டும். ஃபிரிட்ஜை நிறுத்துபவர் தன் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடட்டும். திரும்பப் போடாமல் கிளம்ப முடியாது, வீட்டுக்காரரின் பாலும் கெடாது. ஒவ்வொரு இடத்திலும் கிளம்புவதற்கு முன் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து 60 விநாடி அந்த அறையின் வெறும் ஒலியைப் பிடியுங்கள். வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே வெட்டிய இடங்களை ஒட்ட இதுதான் பசை. இது இல்லாதவர்கள் அந்த ஓட்டைகளை இசையால் அடைக்கிறார்கள். தேவையில்லாத பின்னணி இசை படத்துக்குள் நுழையும் முதல் வழி அதுதான்.

ஷூட்டிங் முடிந்த இரவே கார்டில் உள்ளதை இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் ஏற்றி, திறந்து பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள்.

எடிட்டிங்கில் கடன் வாங்கிய இசை

வெட்டும்போது ஏதாவது பாட்டைத் தற்காலிகமாகக் கீழே ஓடவிட்டுப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. நீங்களே இசையமைக்கப் போகிறீர்கள் என்றால் அதைச் செய்யாதீர்கள். இருபது முறை கேட்டபின் காது அதைத்தான் கேட்கும், நீங்கள் போடுவது அதன் நகலாகவே வரும். தாளம் வேண்டுமென்றால் டிக் டிக் என்று அடி மட்டும் எண்ணும் மெட்ரோனோமை ஓடவிட்டு வெட்டுங்கள்.

லாக் ஆனதும் படத்தை ஒருமுறை இசையின்றிக் கடைசிவரை ஓட்டி, இசை எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்று நேரத்தோடு எழுதுங்கள். எட்டு நிமிடப் படத்துக்கு மூன்று நான்கு இடம் தாராளம். வசனம் ஆரம்பிக்கும் அதே நொடியில் இசையைத் தொடங்காதீர்கள், இரண்டுமே கெடும். ஒரு பார்வை, ஒரு கதவுச் சத்தம், ஒரு கட் ஆகியவற்றின் மேல் தொடங்கினால் இசை வந்ததே தெரியாது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு பெண் கடிதத்தைப் பிரிக்கிறாள். சரியாக 18-ஆவது விநாடியில் உள்ளே கதவு சாத்தப்படுகிறது. அந்தச் சத்தத்தில் சமம், அதாவது தாளச் சுற்றின் முதல் தட்டு, விழ வேண்டும். நிமிடத்துக்கு 80 அடி என்று டெம்போ வைத்தால் ஓர் அடி 0.75 விநாடி, 24 ஃபிரேம் படத்தில் சரியாக 18 ஃபிரேம். 18 விநாடியில் 24 அடி, அதாவது எட்டு அடி கொண்ட ஆதி தாளத்தில் மூன்று ஆவர்த்தனம் (சுற்று). நான்காவது ஆவர்த்தனத்தின் முதல் தட்டு கதவின்மேல் விழும். கதவு 18.5-ஆவது விநாடியில் இருந்தால் 24-ஐ 60-ஆல் பெருக்கி 18.5-ஆல் வகுங்கள்: 77.84. டெம்போவை அப்படியே போடலாம், மெட்டில் கைவைக்க வேண்டியதில்லை. லாக் ஆகும் முன் இசையமைக்கக் கூடாது என்பதற்கான காரணமும் இதுதான். பத்து ஃபிரேம் வெட்டினாலே அரை அடிக்கு மேல் நழுவிவிடும்.

எல்லாக் காட்சிக்கும் இப்படிப் பொருத்தினால் கார்ட்டூன் மாதிரி ஆகிவிடும். ஒரு படத்தில் ஒன்றிரண்டு இடம் போதும்.

படக் கோப்பில் நேரக்குறி தெரியும்படி ஏற்றுமதி செய்து, படம் தொடங்க 2 விநாடிக்கு முன் ஒரு ஃபிரேம் நீளத்துக்கு ஒரு பீப் வையுங்கள். அந்த பீப் எடிட்டிங் மென்பொருளிலும் இசை மென்பொருளிலும் ஒரே கோட்டில் விழுந்தால் மற்றதெல்லாம் தானாகப் பொருந்தும். இரண்டு புராஜெக்ட்டும் ஒரே ஃபிரேம் வேகத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். 24 ஃபிரேம் படத்தை யாராவது அப்படியே 25-க்கு வேகப்படுத்திவிட்டால் சுருதி ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் ஏறும். தம்பூரா சுருதியோடு பாடிய குரல் வேறு ஆளுடையது போல் ஒலிக்கும்.

வசனத்தின் தெளிவு பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. புல்லாங்குழலும் வயலினும் அங்கேதான் உட்காருகின்றன. பேச்சுக்குக் கீழே வீணையின் கீழ்த் தந்தி, செல்லோ, தம்பூரா போல் நீளும் மெல்லிய ஒற்றைச் சுரம் போன்றவற்றை வைத்தால் ஒலியளவைக் குறைக்காமலே வசனம் கேட்கும். ஆனால் போன் ஸ்பீக்கரில் அடிநாதம் காணாமல் போகும் என்பதால் மிக்ஸை ஹெட்போன், போன் இரண்டிலும் கேளுங்கள். யூடியூபுக்கு -14 லஃப்ஸ் (LUFS, காதுக்குத் தெரியும் சராசரி ஒலியளவின் அலகு) பக்கத்தில், உச்சம் -1 டெசிபலைத் தாண்டாமல் கொடுங்கள். வசனம், இசை, இதர ஒலிகள் மூன்றையும் தனித்தனிக் கோப்புகளாகவும் எடுத்து வையுங்கள். நாளை வேறு மொழியில் டப் செய்யக் கேட்டால் அதுதான் கைகொடுக்கும்.

உரிமை

பின்னால் டீக்கடை ரேடியோவில் ஒரு சினிமாப் பாட்டு பத்து விநாடி ஓடினாலும் யூடியூப் கண்டுபிடித்துவிடும். பாட்டைப் படத்தில் சேர்க்க இரண்டு அனுமதி வேண்டும்: பாடல், மெட்டின் உரிமையாளரிடம் ஒன்று, அந்த ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் ஒன்று. தியாகராஜர் 1847-இல் மறைந்தார், அவருடைய கீர்த்தனை எவருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதை ஒருவர் பாடிய ஒலிப்பதிவு சொந்தமானது. பாரதியின் கவிதையும் பொதுச்சொத்து, சினிமாவில் அதற்குப் போட்ட மெட்டு அப்படியல்ல என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். சொந்த மெட்டில் பாடவைத்தால் தொல்லையே இல்லை.

நீங்கள் வேறொரு தயாரிப்பாளருக்கு இசையமைத்தால் உரிமையை எழுத்தில் மாற்றிக்கொடுப்பீர்கள். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். திரையரங்கில் படத்தோடு சேர்த்துக் காட்டுவது நீங்கலாக மற்றப் பயன்பாடுகளில் ராயல்டியில் சமபங்கு இசையமைப்பாளருக்கு உண்டு. காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் தந்த இந்த உரிமையை எழுதிக் கொடுத்து விட்டுவிடவும் முடியாது. முதல் பாடல் வெளியானதுமே இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்து படைப்புகளைப் பதிவுசெய்யுங்கள்.

முடிந்த படத்தை அன்றே யூடியூபில் ஏற்ற வேண்டாம். ஏற்கெனவே இணையத்தில் வந்த படத்தைச் சில விழாக்கள் எடுப்பதில்லை. திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள ஆவணப்பட, குறும்பட விழா போன்றவற்றின் விதிகளைப் படித்து அனுப்பிவிட்டு, முடிவு வந்தபின் ஏற்றுங்கள். விழா டிசிபி (திரையரங்கில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் படத் தொகுப்பு) கேட்டால் டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளிலேயே செய்யலாம்.

அடுத்த சொந்தப் படத்துக்கு முன் நண்பர் ஒருவரின் படத்துக்கு இசையமையுங்கள், பதிலுக்கு அவர் உங்கள் படத்தை எடிட் செய்யட்டும். இதில் தடுமாற்றம் எப்போதும் ஒரே இடத்தில்தான் வருகிறது: லாக் ஆகாத படத்தைக் கொடுத்து வாரம் ஒரு புது வெட்டு அனுப்புவது. லாக் ஆன படம், நேரக்குறியோடு ஒரு பிரதி, இசை வேண்டிய இடங்களின் பட்டியல் மூன்றும் கைக்கு வந்த பிறகே தொடங்குங்கள். திருத்தம் இரண்டு முறை, மூன்றாவதுக்குத் தனிக் கட்டணம் என்று முதல் நாளே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்.