ஷரீஆ போர்டு ஓகே சொல்லிட்டா போதுமா? இஸ்லாமிய வங்கிகள் கோர்ட்ல மாட்டுற இடங்கள்

டீல் ஷரீஆவுக்கு, அதாவது இஸ்லாமிய சட்டத்துக்கு, ஒத்து வருதான்னு பாக்குற குழுதான் ஷரீஆ போர்டு. அதுல இருக்குற ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) கையெழுத்து போட்ட ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) ஃபைல்ல இருந்தா கவலை இல்லன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, ஆனா கேஸ்னு வந்துட்டா ஜட்ஜ் மொதல்ல கையில எடுக்குறது அக்ரிமெண்ட்டைத்தான்.

பெரிய தப்பு எங்கன்னா, எந்த சட்டம் பொருந்தும்னு எழுதுற வரியில. பஹ்ரைன் ஷாமில் பேங்குக்கும் பங்களாதேஷ் பெக்சிம்கோவுக்கும் நடந்த கேஸ்ல, ஷரீஆ கோட்பாடுகளுக்கு உட்பட்டு இங்கிலாந்து சட்டப்படின்னு ரெண்டையும் சேத்து எழுதி வச்சிருந்தாங்க. பணம் கட்ட வேண்டிய பெக்சிம்கோ கட்டல, கேட்டா இது பேருக்குத்தான் முராபஹா (பேங்க் பொருள வாங்கி லாபம் வச்சு விக்கிற முறை), உள்ள இருக்குறது இஸ்லாம் தடுக்குற வட்டி, அதனால செல்லாதுன்னு வாதம். 2004ல லண்டன் அப்பீல் கோர்ட், ஒப்பந்தத்துக்கு ஒரு நாட்டோட சட்டம்தான் பொருந்தும், ஷரீஆ அப்படி ஒரு நாட்டு சட்டம் இல்லன்னு சொல்லிருச்சு. பேங்க் ஜெயிச்சுது, சரி, ஆனா அந்த ஷரீஆங்கிற வார்த்தை வெறும் அலங்காரமா போச்சே! ஷரீஆ விதி நெஜமாவே வேணும்னா, அயோஃபி (இஸ்லாமிய நிதிக்கு விதிமுறை வகுக்குற அமைப்பு, AAOIFI) ஸ்டாண்டர்டுல எது எது பொருந்தும்னு பேர் சொல்லி அக்ரிமெண்ட்டுக்குள்ளயே எழுதணும், பொதுவா "ஷரீஆப்படி"ன்னா எந்த மத்ஹபு (இஸ்லாமிய சட்டப் பிரிவு), யாரோட கருத்துன்னு அங்கயே சண்டை ஆரம்பிச்சிரும்.

அடுத்தது, எதிர்ப்பக்கம் ஷரீஆவையே கேடயமா தூக்குவாங்கன்னு யோசிக்காம விடுறது. குவைத்தோட இன்வெஸ்ட்மெண்ட் தார் கம்பெனி, லெபனான் பேங்க் ஒண்ணுகிட்ட வக்காலா முறையில (முகவரா இருந்து அடுத்தவங்க பணத்த முதலீடு பண்ற முறை) பணம் வாங்கிட்டு, திருப்பிக் கேட்டப்ப இந்த டீல் ஷரீஆவுக்கு விரோதம், எங்க கம்பெனி விதிப்படி எங்களுக்கு இதுல கையெழுத்து போடவே அதிகாரம் இல்லன்னு சொன்னாங்க. அவங்க ஷரீஆ போர்டே ஓகே பண்ண டீல்ங்க அது! 2009ல லண்டன் ஹைகோர்ட் அந்த வாதத்த ஒரேயடியா தள்ளாம, விசாரிச்சுப் பாக்கலாம்னு விட்டுச்சு. அதனால பின்னாடி ஷரீஆவ காரணம் காட்டி பணத்த மறுக்க மாட்டோம்னு மொதல்லயே எழுதி வாங்குங்க, கேக்க கூச்சமா இருந்தாலும் பரவால்ல.

ஒரு நாட்டு முறைய இன்னொரு நாட்டுலயும் எதிர்பாக்கறதும் தப்புதான். மலேசியாவுல 2009 சட்டப்படி சென்ட்ரல் பேங்கோட ஷரீஆ ஆலோசனைக் குழு சொல்றது கோர்ட்டையே கட்டுப்படுத்தும், 2019ல அத எதிர்த்து வந்த கேஸ்ல ஃபெடரல் கோர்ட்ல 5 ஜட்ஜ் ஆதரவு, 4 ஜட்ஜ் எதிர்ப்புன்னு அந்த விதி மயிரிழையில தப்பிச்சுது. லண்டன்ல அப்படி ஒண்ணும் கெடையாது.

கடைசியா பேப்பர் வேலை. முராபஹான்னா பேங்க் மொதல்ல பொருள வாங்கணும், அப்புறம்தான் கஸ்டமருக்கு விக்கணும். வித்த தேதி பத்து, வாங்குன பில் தேதி பன்னெண்டுன்னு இருந்தா, கையில இல்லாத பொருளத்தான் பேங்க் வித்திருக்குன்னு ஆயிரும், அத எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவாரு.