கல்லாவுக்கு வந்தால்தான் காசு

சாயங்காலம் ஏழு மணி. மளிகைக் கடையில் ஆறு பேர் நிற்கிறார்கள். அண்ணன் துவரம் பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கிறார். ஒருவர் போனை நீட்டி, "அண்ணே, 1,840 போட்டாச்சு" என்கிறார். பச்சை டிக், கடைப் பெயர், தொகை எல்லாம் சரியாக இருக்கின்றன. அண்ணன் தலையாட்டினார். எண்ணெய் டின்னும் அரிசிச் சிப்பமும் போய்விட்டன. ராத்திரி கணக்குப் பார்த்தபோது அந்த 1,840 மட்டும் வரவே இல்லை.

வாங்க வந்தவரின் போனைப் பார்த்துப் பொருளைக் கொடுத்தது முதல் தவறு. பெயரையும் தொகையையும் தட்டினால் அசல் போலவே பச்சைத் திரை காட்டும் போலி ஆப்கள் உலவுகின்றன. பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுபவர்களும் உண்டு. அதனால் பார்க்க வேண்டியது உங்கள் போனில் உள்ள வரவுப் பட்டியலை. பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் நல்ல துணைதான், ஆனால் சார்ஜ் இறங்கியோ சத்தம் குறைந்தோ கிடக்கும் நாளில்தான் ஏமாறுவோம். "நெட் ஸ்லோ அண்ணே, வந்துரும்" என்றால் நிற்கச் சொல்லுங்கள். பழகிய முகமாக இருந்தால், பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு அனுப்பலாம். நேர்மையான வாடிக்கையாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வெளியே ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையை நாம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் ராத்திரியோடு ராத்திரியாகப் பல கடைகளின் அட்டை மேல் வேறு கியூஆரை ஒட்டிவிட்டார்கள். ஸ்கேன் செய்தால் வேறு பெயர் வருகிறதே என்று வாடிக்கையாளர்கள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. காலையில் கடை திறந்ததும் அட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். உங்கள் போனிலேயே ஒருமுறை ஸ்கேன் செய்தால் பெயர் தெரிந்துவிடும்.

பணம் வாங்குவதற்கு ரகசிய பின் (PIN) நம்பர் தேவையே இல்லை. இந்த ஒன்றைக் கடைப் பையனுக்கும் சொல்லிவையுங்கள். ராணுவ முகாமிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஐம்பது சாப்பாடு ஆர்டர் கொடுப்பார்கள். "அட்வான்ஸ் போடறோம், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்பார்கள். போட்ட நொடியில் பணம் உங்கள் கணக்கிலிருந்து போய்விடும். சமைத்த சாப்பாடும் வீண்.

பலர் கவனிக்காத ஒன்று, கேஷ் மாற்றிக் கொடுப்பது. "ஜிபே பண்றேன், 5,000 கேஷ் குடுங்க" என்று வருபவர் உண்மையிலேயே பணம் அனுப்புவார். அந்தப் பணம் இன்னொருவரிடம் ஏமாற்றி எடுத்ததாக இருந்தால், அதன் தடத்தைத் தேடி வரும் போலீஸ் உங்கள் கணக்கில் அந்தத் தொகையை, சில சமயம் கணக்கையே, முடக்கச் சொல்லும். சரக்குக்காரருக்குச் செக் போட முடியாமல், எங்கோ வெளிமாநிலத்தில் உள்ள காவல் நிலையத்துக்கு பில்லும் கடிதமும் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். தெரியாத ஆளுக்கு இந்த உதவி வேண்டாம். "தவறா அனுப்பிட்டேன், திருப்பிப் போடுங்க" என்றாலும் அப்படியே. முதலில் வரவு இருக்கிறதா என்று கணக்கில் பாருங்கள். பலமுறை வெறும் போலி எஸ்எம்எஸ்ஸாகத்தான் இருக்கும். பணம் உண்மையாகவே வந்திருந்தால், அவருடைய வங்கி வழியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் வங்கி கேஒய்சி, வண்டி அபராதம் என்று எதாவது ஏபிகே (APK) ஃபைல், அதாவது தொட்டால் ஆப்பாகப் போனில் ஏறும் ஃபைல், வந்தால் தொடவே தொடாதீர்கள். அது போனுக்குள் நுழைந்தால் ஓடிபியைப் படிக்கும்.

சரி, பணம் போய்விட்டது. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் இருப்பது, இல்லை நாளைக்கு வங்கிக்குப் போகலாம் என்று விடுவது. உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எடுத்தவர் கணக்கிலிருந்து பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன்பு சொன்னால் அங்கேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அப்புறம் வங்கிக்கும் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நீங்கள் வங்கிக்குத் தெரிவித்த பிறகு உங்கள் அனுமதி இல்லாமல் கணக்கிலிருந்து பணம் போனால், அந்த இழப்பை வங்கிதான் ஏற்க வேண்டும்.

அண்ணன் இப்போது கல்லாப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம், திறந்தால் கண்ணில் படும்படி, மார்க்கரில் 1930 என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்.