நாய்க்குப் பழம்: எவ்வளவு, எப்படி, எது ஆகாது

ஆவணியில் சாயல்குடிப் பக்கம் பனம்பழம் விழத் தொடங்கினால் நாய்கள் மரத்தடியை விட்டு நகராது. இனிப்பு அவற்றுக்குப் பிடிக்கும். அளவாகக் கொடுத்தால் சர்க்கரையால் பெரிய கெடுதல் இல்லை. கொட்டை, நார், புளித்த சதை இவைதான் வம்பு.

முதலில் எடை. நாயைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறுங்கள், உங்கள் எடையைக் கழியுங்கள். ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்துக்கு மேல் தின்பண்டம் போகக் கூடாது. 10 கிலோ நாட்டு நாய்க்கு அது சுமார் 50 கலோரி: உரித்த வாழைப்பழம் 50 கிராம், அல்லது மாம்பழச் சதை 80 கிராம், அல்லது தர்பூசணி 150 கிராம். ஏதாவது ஒன்றுதான்.

முதல் நாள் அவ்வளவு வேண்டாம். சுண்டுவிரல் நகம் அளவில் இரண்டு துண்டு போதும். மறுநாள் கழிச்சல், வாந்தி இல்லையென்றால் கூட்டலாம்.

அடுத்து நறுக்குவது. மாங்கொட்டையைச் சப்பட்டும் என்று போடாதீர்கள். விழுங்கினால் குடலை அடைக்கும், பிறகு அறுவை சிகிச்சைதான். தர்பூசணியில் விதையும் தோலும் போக வேண்டும். நுங்கின் மேல்தோலை உரித்துச் சுளையைத் துண்டாக்குங்கள், முழுசாக வழுக்கித் தொண்டையில் சிக்கும். சீத்தாப்பழ விதையை உடைத்துத் தின்றால் நஞ்சு. ஒவ்வொன்றாகப் பொறுக்குவதற்கு அந்தப் பழத்தையே விட்டுவிடலாம். கடையில் முண்டு மிளகாய்ப் பொடியும் உப்பும் தூவிய கொய்யா நமக்கு மட்டும்.

பனம்பழத்தை நாரோடு எறியாதீர்கள். பிழிந்த சதையில் ஒரு டீஸ்பூன் தரலாம். வெயிலில் கிடந்து கள் வாடை அடிக்கும் பழத்தில் சாராயச் சத்து ஊறியிருக்கும். தின்ற நாய் தள்ளாடும். அதனால் மரத்தடியைக் காலையிலேயே பொறுக்கிச் சுத்தம் செய்யுங்கள்.

திராட்சை, கிஸ்மிஸ் இரண்டும் ஒன்றுகூடக் கூடாது, சிறுநீரகம் கெடும். 2021இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலத்தின் மேல் சந்தேகத்தைத் திருப்பினார்கள். அது புளியிலும் நிறைய உண்டு. ஆகவே மிச்ச மீன்குழம்பைச் சோற்றில் ஊற்றும் பழக்கத்தையும் விடுங்கள். அதில் நாய்க்கு ஆகாத வெங்காயம் வேறு கிடக்கும்.

நாய் திராட்சையைத் தின்றுவிட்டதா? உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்கவைக்காதீர்கள், அந்த உப்பே நாயை முடிக்கும். எத்தனை, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். முதல் சில மணி நேரத்தில் நாய் நன்றாகவே துள்ளும், அதை நம்பாதீர்கள். சிறுநீர் குறைவது ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும்.